தேசிக்காயில் விழுந்த மோட்டார் சைக்கிள்

2022 ஏப்ரல் 2, சனி. ஹாகன்

வாங்கிவிட்டேன். எழுதிவைத்தால்தான் எனக்கே நம்பிக்கை வரும். பி.எம்.டபிள்யூ. ஆர் 80 ஆர்.ரி. 1986ஆம் ஆண்டு செய்த வண்டி. நான் இந்த ஜேர்மனிக்கு வந்து இறங்கியதும் அதே வருடம்தான். இரண்டு பேருக்கும் முப்பத்தாறு வருடச் சேவை. அதை மட்டும் ஒரு மனுசன் ஒழுங்காகத் துடைத்து எண்ணெய் விட்டு வைத்திருக்கிறார்.

விற்றவர் பெயர் குரோலே. ஆல்தேனா என்ற மலையூர். எழுபத்தொன்பது வயது. தன்னுடைய கொட்டிலில் வண்டியை நிறுத்தி, ஆணி ஆணியாகக் காட்டினார். எஞ்சினின் இரண்டு சிலிண்டரும் வண்டியின் இரு பக்கமும் வெளியே துருத்திக்கொண்டு நிற்கும். இடப்பக்க மூடியில் நீளமாக ஒரு கீறல். அதை அவர் மறைக்கவில்லை, விரலால் தடவிக் காட்டினார். அவர் டொச்சில் சொன்னதை எங்கள் பாஷையில் எழுதுகிறேன்.

“சந்தியிலை நிக்கேக்கை என்னாலை பிடிக்க ஏலாமல் சரிஞ்சிட்டுது. பயப்பிடாதேங்கோ, இந்த வண்டி ஆளின்ரை காலை நசிக்காது. சிலிண்டர் தாங்கும். ஆனால் அதுக்குப் பிறகும் மூண்டு வருசம் ஓடினனான். அதுதான் நான் விட்ட பிழை.”

“ஏன், பிறகும் விழுந்தனீங்களோ?”

“இல்லை. ஆனால் ஒவ்வொருமுறையும் மனுசி பின்னுக்கு இருந்தவ.”

கிழவர் வண்டியைப் பிரிகிற துக்கத்தில் கதைக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

மாலையில் என் மனுசி மலர் கராஜடிக்கு இறங்கி வந்தாள். வண்டியைச் சுற்றி ஒருமுறை நடந்தாள். முன்பக்கத்துப் பெரிய காற்றுத் தடுப்பையும், பின்னால் இரண்டு பக்கமும் தொங்குகிற பெட்டிகளையும் பார்த்தாள்.

“விசரே உங்களுக்கு? இது பொலிஸ்காரன்ரை வண்டியெல்லோ.”

“ஓம். அதே வண்டிதான்.”

ஏப்ரல் 3, ஞாயிறு

அந்தக் கதை மலருக்குத் தெரியும். மகள் ஆரணிக்குக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. ஆனாலும் ஒருமுறை எழுதி வைக்கிறேன்.

1987 பங்குனி. நான் அகதி முகாமில். விண்ணப்பத்துக்கு முடிவு வரும்வரை மாவட்ட எல்லையைத் தாண்டக்கூடாது என்பது அப்போதைய சட்டம். பக்கத்து மாவட்டத்தில் என்னோடு படித்தவன் ஒருவன் இருக்கிறான் என்று கேள்விப்பட்டு, குளிருக்குள் நடந்தேன். ஊர் முடிகிற மஞ்சள் பலகையடியில் ஒரு மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. பச்சை வெள்ளை. பொலிஸ். அந்த மனுசன் ஏசவில்லை. என் கடதாசியைப் பார்த்தார், பலகையைக் காட்டினார், திரும்பு என்று கையால் சொன்னார். திரும்பி நடந்தேன். மூன்று கிலோமீற்றரும் எனக்குப் பின்னால் மெதுவாக வந்தார். அந்த எஞ்சின் சத்தத்தை முதுகில் கேட்டுக்கொண்டே நடந்தேன். கோபம் வரவில்லை. பொறாமைதான் வந்தது. அவருக்கு ஜேர்மனி முழுவதும் றோட்டு இருந்தது. எனக்கு ஒரு பலகையோடு முடிந்துபோனது.

1992இல் மலர் வந்து, கலியாணம் கட்டிய கிழமையே அவளிடம் சொன்னேன், ஒருநாள் அந்த மாதிரி வண்டியில் உம்மைக் கடலுக்குக் கூட்டிக்கொண்டு போவேன் என்று. அவள் வல்வெட்டித்துறைக்காரி. கடலில்லாத ஊரில் வந்து மாட்டிக்கொண்டாளே என்று ஒரு இரக்கத்தில் சொன்னது. முப்பது வருடம் போய்விட்டது. கோயில் ஆட்களோடு பஸ்ஸில் போய்க் கடல் பார்த்திருக்கிறோம். அது கணக்கில்லை என்று அவளே சொல்வாள்.

வண்டியின் எண் தகட்டு ஓரத்தில் 04, 10 என்று இரண்டு எண்கள் இருக்கின்றன. ஏப்ரல் தொடங்கி ஒக்டோபர் முடியும்வரைதான் இது றோட்டில் ஏறலாம். ஆகவே ஒக்டோபர் 31க்குள் மலரைப் பின்னால் ஏற்றி, நோர்ட்டைக் கடற்கரைக்குப் போவது. இருநூற்றெண்பது கிலோமீற்றர். இதற்கு மேல் எனக்கு ஆசை இல்லை. ஆசைப்பட உடம்பில் பலமும் இல்லை.

ஏப்ரல் 10, ஞாயிறு

கராஜுக்குள் காலை வைத்ததும் மலர் முந்தானையால் மூக்கைப் பொத்தினாள்.

“இஞ்சாருங்கோ, பெற்றோல் மணக்குது.”

“எனக்கு மணக்கேல்லை.”

“கீழை பாருங்கோ.”

இடப்பக்கச் சிலிண்டரடியில் குட்டையாகக் கிடந்தது. நான் அதற்குப் பக்கத்தில் கதிரை போட்டு அரை மணித்தியாலமாக வண்டி துடைத்துக்கொண்டிருந்திருக்கிறேன். குரோலே வந்து காபரேற்றரைக் கழற்றிப் பார்த்தார். உள்ளே மிதவை இறுகிவிட்டதாம், பத்து நிமிட வேலை.

“இவ்வளவு பெற்றோலும் உங்களுக்கு மணக்கேல்லையா?” என்று கேட்டார்.

முப்பது வருடம் ஆஸ்பத்திரி விரிப்பு வெளுக்கிற லோன்றியில் நின்றவனுக்கு மூக்கு எங்கே மிஞ்சும் என்றேன். சிரித்தார்.

ஏப்ரல் 28, வியாழன்

காலை வேலை. மழை. வந்து படுத்தேன்.

மே 14, சனி

தனியாக ஏரிக்கரை வரை போய் வந்தேன். அறுபது கிலோமீற்றர். என்ன சுகம். ஐம்பதில் போனாலும் எண்பதில் போனாலும் வண்டி ஒரே மாதிரி முனகிக்கொண்டு போகிறது. சங்கிலி கிடையாது, அடிக்கடி இறுக்கிப் பூட்ட வேண்டிய தேவை இல்லை. ஒரு வளைவில் எனக்கே தெரியாமல் சிரித்துக்கொண்டு போயிருக்கிறேன், தலைக்கவசத்துக்குள் பல் காய்ந்துவிட்டது.

ஒரு குறை. கிளட்ச் பாரம். இடது கையால் இழுத்துப் பிடித்துக்கொண்டு சந்தியில் நிற்க, விரல்கள் களைத்துவிடுகின்றன. பழைய கேபிள் துருப்பிடித்திருக்கும். குரோலேயிடம் சொல்லி மாற்றவேண்டும்.

மே 28, சனி

கேபிள் மாற்றியாயிற்று. அப்படியும் பாரம்தான்.

ஜூன் 5, ஞாயிறு

மலர் கடைக்குப் போக நான் எழுதிக் கொடுத்த சிட்டையோடு வாசலில் நின்று கண்ணாடி தேடினாள்.

“என்னப்பா இது எழுத்து. எறும்பு ஊருற மாதிரிக் கிடக்கு.”

இந்தக் கொப்பியின் முன்பக்கங்களைப் புரட்டிப் பார்த்தேன். 2015இல் ஒரு நாளுக்கு ஒரு பக்கம் பிடித்திருக்கிறது. இப்போது ஒரு பக்கத்துக்குள் ஒரு கிழமை அடங்குகிறது. வயது போகப் போகச் சிக்கனம் வந்துவிட்டது போல.

ஜூன் 19, ஞாயிறு

வானிலை நல்லது. அடுத்த சனிக்கிழமை நோர்ட்டைக்குப் போவோம் என்று மலரிடம் சொன்னேன்.

“கோயில்லை பூசை செய்யாமல் நான் அதிலை ஏறமாட்டன்.”

“அப்ப இந்தக் கிழமையே செய்வம்.”

“கோயில்லை திருவிழா. ஐயருக்கு நேரமில்லையாம்.”

“திருவிழா முடிய?”

“முடிய ஆடி பிறந்திடும். ஆடியிலை ஆரும் புது வாகனத்துக்குப் பூசை செய்வினமோ?”

முப்பத்தாறு வருடப் பழைய வண்டியைப் புது வாகனம் என்கிறாள். அதைச் சொன்னேன். “எங்களுக்குப் புதுசுதானே” என்றாள். ஆவணிக்குப் பொறுக்கவேண்டுமாம். அவளோடு வாதாட என்னால் ஏலாது. உண்மையைச் சொன்னால் எனக்கு ஒருவிதத்தில் நிம்மதியாகவும் இருந்தது. ஏன் என்று நான் யோசிக்கவில்லை.

ஜூலை 9, சனி

குரோலேயின் கொட்டில். கிளட்சை அவர் ஒற்றை விரலால் இழுத்துக் காட்டினார். “இதைச் சின்னப்பிள்ளையும் இழுக்கும்” என்றார். கேட்டேனே என்பதற்காக இன்னொரு கேபிளும் மாற்றித் தந்தார். போகும்போது கை கொடுத்தார். வழக்கமாக வலது கைதான் கொடுப்பார். இன்று இடது கையை நீட்டினார். நானும் கொடுத்தேன். கொஞ்சநேரம் பிடித்துக்கொண்டு நின்றார். கிழவருக்குத் தடுமாற்றம்.

ஓகஸ்ட் 7, ஞாயிறு

ஆரணி வந்திருந்தாள். யாரோ வீட்டுப் பிறந்தநாளில் எடுத்த வீடியோவைத் தொலைபேசியில் போட்டுக் காட்டினாள். நான் கேக் மேசையை நோக்கி நடக்கிறேன்.

“அப்பா, உங்கடை இடது கை ஏன் வீசுதில்லை? பாருங்கோ, அப்பிடியே தொங்குது.”

“ராணுவத்திலையே இருக்கிறன், ரெண்டு கையும் வீசி நடக்க?”

அவள் சிரிக்கவில்லை. மலர் சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். டொக்டரிடம் காட்டச் சொல்லி ஆரணி மூன்று முறை சொன்னாள். சரி என்றேன். சரி என்று சொன்னால் இவர்கள் விட்டுவிடுவார்கள்.

செப்ரெம்பர் 2, வெள்ளி

எழுதவேண்டும் என்று இருக்கிறேன், எப்படி என்றுதான் தெரியவில்லை.

வேலை முடித்து, குளித்து, வண்டியைக் கழுவி, கோயிலுக்கு ஓட்டிப் போனேன். மலர் ஆரணியின் காரில் அவளோடு வந்தாள். வாகனம் நிறுத்துமிடத்தில் பதினைந்து இருபது பேர் கூடிவிட்டார்கள். எல்லோரும் கார்தான் கொண்டுவருவார்கள், இப்படி ஒரு வண்டியை ஐயரும் கண்டதில்லை. பொட்டு எங்கே வைப்பது என்று யோசித்து, விளக்குக் கண்ணாடியிலும் இரண்டு சிலிண்டர் மூடியிலும் சந்தனம் குங்குமம் வைத்தார். மாலை போட்டார். கற்பூரம் காட்டினார், தேங்காய் உடைத்தார். பிறகு முன் சில்லுக்கு ஒன்று, பின் சில்லுக்கு ஒன்று, இரண்டு தேசிக்காய். மலர் துருக்கிக் கடையில் வாங்கிய பெரிய மஞ்சள் எலுமிச்சைத் தேசிக்காய், தடித்த தோல். எங்கள் கடைச் சின்னப் பச்சைத் தேசிக்காய் அன்றைக்கு முடிந்துபோனதாம்.

“மெதுவா ஏறிப் போங்கோ” என்றார் ஐயர்.

ஸ்ராட் பண்ணினேன். முதலாம் கியர். விட்டேன். ஏறியது. அவ்வளவுதான் எனக்குத் தெரியும். திரும்பி நிற்பாட்டவேண்டும், இடது கை இழுக்கவேண்டும், இழுக்கச் சொல்கிறேன், கை கேட்கவில்லை. எஞ்சின் துள்ளி நின்றது, வண்டி இடப்பக்கம் சாய்ந்தது. இருநூற்றுமுப்பது கிலோ. பிடிக்கிற வயதும் இல்லை, பலமும் இல்லை. குரோலே சொன்னது சரி, சிலிண்டர் தாங்கிக்கொண்டது, காலுக்கு ஒன்றும் இல்லை. அவருடைய கீறலுக்குப் பக்கத்தில் என்னுடையதும் ஒன்று.

நாலுபேர் வண்டியைத் தூக்கினார்கள். “கண்ணூறு” என்றார் ஒருவர். “தேசிக்காய் வழுக்கிப்போட்டுது” என்றார் இன்னொருவர். மலர் குனிந்து இரண்டு தேசிக்காயையும் பொறுக்கி முந்தானையில் முடிந்துகொண்டு நிமிர்ந்தாள்.

“என்னிலைதான் பிழை. நான்தான் பெரிய தேசிக்காயா வாங்கினனான்.”

எல்லோரும் அதை ஏற்றுக்கொண்டார்கள். நானும் ஒன்றும் பேசவில்லை.

செப்ரெம்பர் 3, சனி

இன்றும் பேசவில்லை.

செப்ரெம்பர் 10, சனி

குரோலேக்குத் தேசிக்காய்க் கதையைச் சொன்னேன். கொட்டிலில் கதிரை தேடி இருந்து சிரித்தார். “இவ்வளவு காலத்திலை எலுமிச்சம்பழத்திலை விழுந்த ஆளை நான் இப்பத்தான் காணுறன்.” சிரித்து முடிந்ததும் கீறலைத் தடவிப் பார்த்தார்.

“பழம்தானே?” என்று கேட்டார்.

“ஓம்” என்றேன்.

“நல்லது” என்றார். ஆனால் முகம் நல்லது என்று சொல்லவில்லை.

செப்ரெம்பர் 25, ஞாயிறு

ரொறொன்ரோவிலிருக்கும் தங்கச்சியோடு மலர் தொலைபேசியில் கதைத்துக்கொண்டிருந்தாள். நான் பக்கத்து அறையில் சப்பாத்துத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

“நான்தானடி. அந்தப் பெரிய தேசிக்காயை வாங்கினது என்ரை மொக்குத்தனம். மனுசன் பாவம், ஆக்களுக்கு முன்னாலை விழுத்திப்போட்டன்.”

இது எத்தனையாவது ஆளோ. கோயிலில் வருகிற போகிற எல்லோருக்கும் சொல்லியாயிற்று. கடையில் சின்னத் தேசிக்காய் வாங்கி, சாமித்தட்டில் தயாராக வைத்திருக்கிறாள், கடலுக்குப் போகிற அன்று புதிதாக வைத்து ஏறவேண்டுமாம். நான் செய்த பிழையை அவள் ஊர் ஊராகத் தன் தலையில் சுமந்துகொண்டு திரிகிறாள். சொல்லிவிடலாம் என்று எழுந்து கதவடி வரை போனேன். வெட்கமாக இருந்தது. சொன்னால் கடல் போய்விடும். அதனால் திரும்பி வந்து மற்றச் சப்பாத்தையும் துடைத்தேன்.

ஒக்டோபர் 6, வியாழன்

ஆரணியின் கரைச்சல் தாங்காமல் நரம்பு டொக்டரிடம் போனேன். யாருக்கும் சொல்லவில்லை, வேலையிலிருந்து நேரே போனேன். பெருவிரலையும் சுட்டுவிரலையும் தட்டச் சொன்னார். வலது கை தட்டியது. இடது கை நாலு முறை தட்டிவிட்டுக் களைத்தது. நடக்கச் சொன்னார். ஒரு வசனம் எழுதச் சொன்னார். ஒரு சின்னப் போத்தலைத் திறந்து மணக்கச் சொன்னார். ஒன்றும் மணக்கவில்லை. அது கோப்பியாம்.

தலையைப் படமெடுத்துக்கொண்டு வரட்டாம்.

ஒக்டோபர் 20, வியாழன்

டொக்டர் நோயின் பெயர் சொன்னார். எழுத மனம் வரவில்லை. ஆளைக் கொல்லாதாம், ஆனால் போகவும் போகாதாம். குளிசை தந்தார். பெரிய எழுத்தில் எழுதிப் பழகச் சொன்னார். கார் ஓடுகிறீர்களா என்று கேட்டார். எனக்குக் கார் இல்லை என்றேன். அது உண்மைதானே. மோட்டார் சைக்கிள் பற்றி அவர் கேட்கவில்லை.

கடிதத்தை வண்டியின் இடப்பக்கப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினேன்.

ஒக்டோபர் 23, ஞாயிறு

மலர் வானிலை பார்த்துச் சொன்னாள், 29ஆம் திகதி சனி, இந்த வருடத்துக்குக் கடைசி வெயில். அதற்குப் பிறகு வண்டிக்கு இரண்டு நாள்தான் மிச்சம்.

“போவமே?” என்றாள்.

“ஓம், போவம்” என்றேன்.

அவள் முகத்தை நான் பார்க்கவில்லை. அவளும் உடனே வேறு கதைக்கு மாறிவிட்டாள்.

ஒக்டோபர் 26, புதன்

வேலை முடிந்து கராஜுக்குள் போய் வண்டியில் ஏறி இருந்து, எஞ்சினைப் போடாமல், கிளட்சை இழுத்து இழுத்து விட்டேன். நூறு முறை என்று நினைத்துத் தொடங்கினேன். முப்பத்திரண்டில் நின்றது. இருநூற்றெண்பது கிலோமீற்றரில் எத்தனை முறை இழுக்கவேண்டும்? நெடுஞ்சாலையில் அவ்வளவு தேவையில்லை. ஊருக்குள்தான். ஊருக்குள் மெதுவாகப் போகலாம். மெதுவாகப் போனால்தான் அதிகம் இழுக்கவேண்டும் என்பதும் எனக்குத் தெரியும்.

அவள் பின்னால் இருப்பாள். இதை மட்டும் எழுதிவிட்டுக் கொப்பியை மூடுகிறேன்.

ஒக்டோபர் 29, சனி

காலை எட்டு மணிக்குக் கராஜ் கதவைத் தூக்கினேன். நல்ல வெயில். மலர் எழும்பி இடியப்பம் அவித்து, சம்பல் அரைத்து, தேத்தண்ணிப் போத்தலோடு வலப்பக்கப் பெட்டியில் அடுக்கினாள். இடப்பக்கத்தைத் திறக்கக் கேட்கவில்லை. ஆரணியின் பழைய காற்சட்டையும் தடித்த ஜக்கெற்றும் போட்டிருந்தாள். காற்சட்டையோடு அவளை நான் முதன்முதலாகப் பார்க்கிறேன். சாமித்தட்டுச் சின்னத் தேசிக்காய் இரண்டையும் சில்லுகளுக்கு முன்னால் தானே வைத்தாள். தலைக்கவசத்தைப் போட்டுக்கொண்டு, என் தோளைப் பிடித்து ஏறினாள். இரண்டு கையாலும் என் இடுப்பைச் சுற்றிப் பிடித்தாள்.

ஸ்ராட் பண்ணினேன். எஞ்சின் போட்டதும் வண்டி ஒருமுறை வலப்பக்கம் குலுங்கி நிமிரும், அது அதன் பழக்கம். மலர் இறுக்கிப் பிடித்தாள். கிளட்சை இழுத்தேன். முதலாம் கியர் போட்டேன். முன்னால் சின்னத் தேசிக்காய், அதற்கு முன்னால் முற்றம், அதற்கு முன்னால் றோட்டு. இனி விரலை விடவேண்டியதுதான்.

விரல் நடுங்கத் தொடங்கியது. நான் இடது கையைப் பார்த்தேன். என் தோளுக்கு மேலால் அவளும் பார்த்துக்கொண்டிருந்திருக்கவேண்டும். இப்போது விட்டால் வண்டி ஏறும். பிறகு நிற்பாட்டவேண்டும். எங்கேயோ ஒரு சந்தியில், பின்னால் ஒரு லொறி வரும்போது, இந்தக் கை கேட்காது. எனக்கு நடப்பது எனக்குப் பரவாயில்லை என்று இவ்வளவு நாளும் சமாளித்தேன். இடுப்பில் இருந்த கை இரண்டும் அவளுடையவை.

எஞ்சினை நிற்பாட்டினேன்.

“மலர், இறங்கும்.”

“ஏனப்பா, ஏதும் மறந்துபோனியளோ?”

“தேசிக்காய் இல்லை.”

“அதான் வைச்சனானே.”

“இதில்லை. அண்டைக்குக் கோயிலடியிலை. தேசிக்காய் வழுக்கேல்லை. நீர் வாங்கினதிலை பிழை இல்லை. என்ரை கைதான். இழுக்கச் சொல்ல இழுக்கேல்லை.” நிற்காமல் சொன்னேன். “பாக்கின்சன் எண்டு டொக்டர் சொன்னவர். கடிதம் இந்தப் பெட்டிக்குள்ளை கிடக்கு. ஒன்பது நாளா உமக்குச் சொல்லேல்லை.”

அவள் இறங்கவில்லை. இடுப்பில் பிடித்த பிடியையும் விடவில்லை.

“எனக்குத் தெரியும்.”

“கடிதத்தைப் பாத்தனீரோ?”

“கடிதம் எனக்குத் தெரியாது. தேசிக்காய் தெரியும். ரெண்டும் நல்லா நசிஞ்சு தட்டையாக் கிடந்தது. நான்தானே பொறுக்கினனான். முன் சில்லும் ஏறி, பின் சில்லும் ஏறி, தாண்டிப் போனாப் பிறகுதான் நீங்கள் விழுந்தனீங்கள்.”

நான் திரும்பிப் பார்க்க முயன்றேன். தலைக்கவசம் இரண்டும் முட்டிக்கொண்டன.

“பிறகேன் ஊரெல்லாம் தேசிக்காயிலை பழியைப் போட்டுக்கொண்டு திரிஞ்சனீர்?”

“வேறை ஆரிலை போடுறது?”

எனக்கு அழுகை வந்தது. அறுபது வயதில், கராஜுக்குள், ஓடாத வண்டியில் இருந்துகொண்டு அழுதேன். கொஞ்சம் அடங்கியதும் கேட்டேன்.

“தெரிஞ்சுகொண்டு இண்டைக்கு ஏன் ஏறினனீர்?”

“நீங்களாச் சொல்லுவியள் எண்டுதான்.”

“சொல்லாமல் விட்டிருந்தா?”

அவள் யோசிக்கவேயில்லை.

“விட்டிருந்தா ரெண்டுபேருமாப் போயிருப்பம்.”

கடலுக்கு என்று சொன்னாளா, வேறு எங்கும் என்று சொன்னாளா, நான் கேட்கவில்லை. இறங்கி, வண்டியைத் தாங்கியில் நிறுத்தினேன். அதற்கும் அவள் ஒரு பக்கம் பிடிக்கவேண்டியிருந்தது. இடியப்பத்தைக் கராஜ் வாசலில் இருந்து தின்றோம்.

நவம்பர் 1, செவ்வாய்

இன்றிலிருந்து வண்டி றோட்டில் ஏறக்கூடாது. தகட்டில் அப்படித்தான் இருக்கிறது. குரோலேக்குப் போன் எடுத்து, வந்து கொண்டுபோகச் சொன்னேன். ஏன் என்று கேட்டார். பழமில்லை, கைதான் என்றேன்.

“மனுசி பின்னுக்கு இருந்தவவோ?”

“ஓம். ஆனால் வண்டி வெளிக்கிடேல்லை.”

“அப்ப நீங்கள் என்னைவிடக் கெட்டிக்காரன்” என்றார்.

சனிக்கிழமை நோர்ட்டைக்குக் கடல் பார்க்கப் போகிறோம், ரயிலில். இடையில் ஒரு இடத்தில் மாறவேண்டும். மழை என்றுதான் வானிலையில் போட்டிருக்கிறது. மலர் அதைப் பார்த்தும் மறு கதை சொல்லவில்லை.

இதை எழுதும்போது பக்கத்தில் கதிரையைப் போட்டுக்கொண்டு அவள் கொப்பியை எட்டிப் பார்க்கிறாள். இத்தனை வருடத்தில் இந்தக் கொப்பியை அவள் தொட்டதில்லை, நானும் காட்டியதில்லை.

“என்ன எழுதுறியள் எண்டு தெரியேல்லை. பெரிசா எழுதுங்கோ, நானும் வாசிக்க வேணும்.”

பெரிதாக எழுதுகிறேன்.